லைசன்ஸ் கையில், வேலை எங்கே? வெளிநாட்டுச் சிறு விமானக் கம்பனியில் பைலட் வேலை தேடும் முழுமையான வழிகாட்டி

சி.பி.எல்., அதாவது சம்பளத்துக்குப் பறக்க அனுமதிக்கும் வணிக விமானி லைசன்ஸ் எடுத்துவிட்டு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "என்ன மனே, பைலட்டுக்குப் படிச்சுப்போட்டு இன்னும் வீட்டிலயா இருக்கிறாய்?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் மாமிமாருக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்காக.

நான் கல்லடிக்காரன். வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பனியில் கேரவன் எனும் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் கோ-பைலட்டாகத் தொடங்கி, இப்போது ஏ.டி.ஆர். எனும் இரட்டை இயந்திரப் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். லீவில் வரும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பி ஃபைலோடு வந்துவிடுவார். எல்லோரிடமும் பார்த்த பிழை ஒன்றுதான். முதலில் சீவி அனுப்புகிறார்கள், பதில் வந்த பிறகு கடதாசி தேடி ஓடுகிறார்கள்.

சிறு கம்பனிக்கு அது ஒத்துவராது. பெரிய நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே ஆளெடுக்கத் திட்டம் போடும். பத்துப் பதினைந்து விமானம் வைத்திருப்பவர், ஒரு பைலட் விலகிய கிழமையில்தான் அடுத்தவரைத் தேடுவார். "எப்போது வர முடியும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செல்லுபடியாகும் சி.பி.எல்., முதலாம் வகுப்பு மெடிக்கல், ஆங்கிலத் தேர்ச்சி மட்டம் பதிந்த லைசன்ஸ், பல இயந்திர விமானத்துக்கான ரேட்டிங், ஐ.ஆர். எனும் கருவிப் பறப்பு ரேட்டிங் (வெளியே ஒன்றும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் அனுமதி), இரண்டு வருடமாவது மீதமுள்ள கடவுச்சீட்டு. இதில் ஐ.ஆர். இல்லாதவர் ஏ.டி.ஆர்., டாஷ் 8 போன்ற விமானம் வைத்திருக்கும் கம்பனிகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். கண்பார்வை விதியில் பறக்கும் சிறு விமானக் கம்பனிகள் மட்டும் மிஞ்சும்.

சர்வதேச விதிப்படி சி.பி.எல்.லுக்குக் குறைந்தது 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150 போதும். இங்கேதான் ஒரு சிக்கல். 150 இல் லைசன்ஸ் எடுத்தவர், "குறைந்தது 200" என்று போட்ட விளம்பரத்துக்கு எழுதிப் பதில் வரவில்லை என்று குறைப்படுவார். அந்த 50 மணித்தியாலத்தை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் யோசியுங்கள், சீவி பிறகு.

ஆங்கில மட்டம் 4 என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 5 என்றால் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் திரும்பப் பரீட்சை. 6க்கு அந்தத் தொல்லையே இல்லை. 4 போதும் என்று நின்றுவிடாமல் 5க்காவது முயலுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் இங்கே வந்து போகும் செலவு உங்கள் தலையில்.

வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காணி விற்றுச் சொந்தக் காசில் ஏ320 டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு வகை ஜெட்டை மட்டும் ஓட்டும் அனுமதி, எடுத்து வராதீர்கள். அந்த விமானத்தில் ஒரு மணித்தியாலமும் பயணிகளோடு பறக்காதவரின் ரேட்டிங்குக்குச் சந்தையில் விலை குறைவு. அதையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். எத்தனையோ பேரின் காசு அதில் கரைந்ததைப் பார்த்துவிட்டேன்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

இது விமான வேலையா என்று சிரிக்க வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிக நாளை இழப்பது இங்கேதான்.

பிள்ளையின் பெயர் சுதன், தகப்பன் பெயர் கணபதிப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் கணபதிப்பிள்ளை குடும்பப் பெயராகிவிடும். பறந்த நேரம் பதியும் லொக்புக்கில் ஜி. சுதன். உயர்தரச் சான்றிதழில் கணபதிப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் குறைவு. லைசன்ஸில் இன்னொரு மாதிரி. கம்பனியில் இருந்து வரும் இமெயிலில் "மிஸ்டர் கணபதிப்பிள்ளை" என்று இருக்கும், வேலை அப்பாவுக்குக் கிடைத்த மாதிரி. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கு வேறு விதம்: ஒரு கடதாசியில் முகம்மது முழுதாக இருக்கும், மற்றதில் வெறும் 'எம்' என்ற முதலெழுத்து.

நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும். வெளிநாட்டு அதிகாரசபையில் இருக்கும் எழுதுவினைஞருக்குத் தெரியாது. உங்கள் லைசன்ஸ் உண்மையானதா என்று அவர் இலங்கைக்கு எழுதிக் கேட்பார். போகும் கடிதத்தில் ஒரு பெயர், வரும் பதிலில் இன்னொரு பெயர் என்றால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும்.

கடவுச்சீட்டைத் தலைமையாக வையுங்கள். மற்ற எல்லாம் அதன் எழுத்துக்கூட்டலுக்கு வரவேண்டும். லைசன்ஸைத் திருத்த சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு விண்ணப்பியுங்கள். மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, "இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் பாட்டில் புதிதாக ஓர் எழுத்துக்கூட்டலைப் பிறப்பித்துவிடுவார்.

3. லொக்புக்கைப் பக்கம் பக்கமாகக் கூட்டுங்கள்

போன வருடம் காரைதீவில் இருந்து ஒரு தம்பி வந்தார். சீவியில் மொத்தம் 214.0 மணித்தியாலம். "கூட்டிப் பார்த்தீரா?" என்றேன். "ஸ்கூலில் கூட்டினதுதானே அண்ணன்" என்றார். விறாந்தையில் உட்கார்ந்தோம். அவர் வாசிக்க நான் கல்குலேட்டரில் தட்டினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டோம். அந்தப் பக்கத்தின் கூட்டு 4.8. அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகும்போது யாரோ 8.4 என்று திருப்பி எழுதியிருந்தார்கள். அந்த 3.6 மணித்தியாலம் அதற்குப் பிறகு எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உண்மையான கூட்டு 210.4. அதோடு, பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருந்து சோதித்த ஐந்து பறப்புகள் 'பொறுப்பு விமானி' (விமானத்துக்குத் தானே பொறுப்பாகப் பறந்தவர்) நிரலில் ஏறியிருந்தன.

தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் 210.4 என்பது யார் கூட்டினாலும் 210.4. நேர்முகத்தில் லொக்புக்கை விரித்து வைத்து நடுவில் ஒரு பக்கத்தைக் கூட்டிப் பார்க்கும் கெப்டன்கள் இருக்கிறார்கள். 3.6 பிழையை அவர் கண்டுபிடித்தால் மீதி 210ஐயும் நம்பமாட்டார்.

இன்னொரு வழமையான பிழை, நிமிடத்தையும் தசமத்தையும் கலப்பது. ஒன்றரை மணித்தியாலம் 1:30, அல்லது 1.5. அதை 1.3 என்று எழுதியவர்களும் உண்டு, 1.30 என்று எழுதிப் பின்னர் தசமமாகக் கூட்டியவர்களும் உண்டு. ஒரு முறையைப் பிடித்து முதல் பக்கத்தில் இருந்து அதிலேயே நில்லுங்கள்.

திருத்தம் செய்யும்போது வெள்ளை மை பூச வேண்டாம். பிழையான எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சிறு கையெழுத்து வையுங்கள். பிறகு பயிற்சிப் பாடசாலையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் முத்திரை வாங்குங்கள். பாடசாலைகள் மூடப்படுவதும் கைமாறுவதும் நடக்கிற காரியம், முத்திரை வைக்க ஆள் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. கடைசியாக எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கணினியில் ஒரு லொக்புக்கும் தொடங்குங்கள்.

4. காலாவதித் திகதிகளை வரிசையாக எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் உங்கள் கடதாசிகளையும் அவை எப்போது காலாவதியாகும் என்பதையும் எழுதுங்கள். நெடுநாள் தாங்குவதை முதலில் செய்யுங்கள், சீக்கிரம் கெட்டுப்போவதைக் கடைசியில். மீன் வாங்குவதைச் சந்தையில் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது போலத்தான்.

கடவுச்சீட்டு, பெயர்த் திருத்தம், லொக்புக் முத்திரை, ஆங்கில மட்டம்: இவை முதலில். முதலாம் வகுப்பு மெடிக்கல் 40 வயதுக்குக் கீழே 12 மாதம். ஐ.ஆர். செக்கும் பெரும்பாலும் 12 மாதம்தான். இந்த இரண்டையும் விண்ணப்பம் அனுப்பத் தொடங்கும் மாதத்தில் புதுப்பியுங்கள். முழு 12 மாதம் உங்கள் கையில் இருக்கும். பொலிஸ் சான்றிதழைப் பல நாடுகள் சில மாதங்களுக்குள் எடுத்ததாகக் கேட்கும், ஆகவே வேலை உறுதியான பிறகுதான் அது.

எல்லோரும் மறப்பது அண்மைப் பறப்பு. பயணிகளோடு பறக்க, கடைசி 90 நாளில் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் வேண்டும் என்பது பொது விதி. கம்பனி அதை அங்கே வைத்துச் செய்துதரும். ஆனால் 'கடைசி 12 மாதத்தில் பறந்த மணித்தியாலம்' என்ற இடத்தில் பூச்சியம் இருந்தால் சீவியை அதற்கு மேல் யாரும் வாசிப்பதில்லை. காசு சேரும்போது மாதம் ஒரு மணித்தியாலமாவது பறவுங்கள்.

கொழும்புப் பயணம் பற்றி ஒரு சொல். பறப்புப் பாடசாலைகள் இரத்மலானையில், அதிகாரசபை அலுவலகம் கட்டுநாயக்கவில். இரவு ரயிலில் போய்க் கோட்டையில் இறங்கி ஒரே நாளில் இரண்டையும் முடிப்பேன் என்று போனவர்களில் பாதிப் பேர் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

5. நாட்டைத் தேர்ந்தெடுப்பது

கம்பனியைத் தேடுமுன் இரண்டு கேள்வி. அந்த நாட்டில் எனக்கு வேலை செய்யும் உரிமை கிடைக்குமா? என் மணித்தியாலத்துக்கு அங்கே இடம் உண்டா?

கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா: அங்கே வதிவிட உரிமையோ குடியுரிமையோ இல்லாவிட்டால், 200 மணித்தியாலத்தோடு அனுப்பும் இமெயில் வீண். அமெரிக்காவில் பயணிகள் விமானக் கம்பனியின் கோ-பைலட்டுக்கே பொதுவாக 1,500 மணித்தியாலம் கேட்பார்கள். ஐரோப்பாவில் ஏ.டி.பி.எல். எனும் உயர்தர விமானி லைசன்ஸின் எழுத்துப் பரீட்சை மட்டும் 13 பாடம். கனடாவில் குடும்பத்தோடு பி.ஆர். எனும் நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்குக் கதை வேறு, வடக்குப் பிரதேசச் சிறு கம்பனிகள் திறந்த கதவு.

மாலைதீவு நமக்குப் பக்கம். டிரான்ஸ் மால்தீவியன், மால்தீவியன், மன்டா எயார் மூன்றும் டுவின் ஒட்டர் கடல் விமானம் ஓட்டுகின்றன. உள்நாட்டுப் பிள்ளைகளுக்கே அங்கே முதலிடம், அது நியாயமும்கூட. வெளிநாட்டவருக்கு இடம் வருவது பெரும்பாலும் அனுபவமுள்ளவர்களுக்கு. நீரில் இறங்கும் ரேட்டிங் இல்லாமல் கடல் விமானத்துக்கு எழுதுவதில் பயனில்லை. ஒற்றை இயந்திரத்தில் அதை எடுக்கச் சில நாள் பயிற்சி போதும்.

இந்தோனேசியாவில் சூசி எயார். குறைந்த மணித்தியாலம் உள்ள வெளிநாட்டவரையும் கேரவனில் கோ-பைலட்டாக எடுத்து வந்த கம்பனி. 2004 டிசம்பரில் நம் கரையை அடித்த அதே அலை ஆச்சேயை அடித்தபோது, மீன் ஏற்ற வாங்கிய கேரவன்களில் நிவாரணம் ஏற்றித்தான் இவர்கள் பறக்கத் தொடங்கினார்கள். ஆனால் பப்புவா மலைப்பகுதியின் நிலைமையைத் தெரிந்துகொண்டு போங்கள். 2023 பெப்ரவரியில் அங்கே இவர்களுடைய நியூசிலாந்து விமானி ஒருவரை ஆயுதக்குழு பிடித்துச் சென்று, 2024 செப்டம்பரில்தான் விட்டது. இதை வீட்டில் மறைக்க வேண்டாம். அம்மா எப்படியும் யூடியூபில் பார்த்துவிடுவார்.

ஆபிரிக்காவில் பொட்ஸ்வானாவின் மவுன் நகரம். ஒகவாங்கோ சதுப்புநிலத்தின் சுற்றுலா முகாம்களுக்குப் பறக்கும் சிறு கம்பனிகள் ஒரே விமான நிலையத்தில் வரிசையாக இருக்கின்றன. செஸ்னா 206, 210, பிறகு கேரவன். இங்கே 200 சொச்சம் மணித்தியாலத்தோடு தனியாகவே, அதாவது பொறுப்பு விமானியாகவே, பறக்கத் தொடங்கலாம். அதன் மதிப்பு பின்னால் தெரியும். தான்சானியாவிலும் கென்யாவிலும் இப்படிப்பட்ட சபாரிக் கம்பனிகள் உண்டு, ஆனால் அதிக மணித்தியாலம் கேட்பார்கள்.

ஒரே நேரத்தில் இருபது நாட்டுக்கு எழுதாதீர்கள். இரண்டைத் தெரிவு செய்து அந்த நாட்டுச் சட்டப் பரீட்சை, லைசன்ஸ் மாற்றும் விதி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு எழுதுங்கள். வாசித்தவன் எழுதும் இமெயில் வேறு மாதிரி இருக்கும்.

6. சீவி

ஒரே பக்கம். மேலே பெயர், குடியுரிமை, இருக்கும் இடம், வட்ஸ்அப் எண், எத்தனை நாளில் வர முடியும். அடுத்து மணித்தியால அட்டவணை: மொத்தம், பொறுப்பு விமானியாக, பல இயந்திரம், கருவிப் பறப்பு, இரவு, கடைசி 12 மாதம். அதன் கீழே லைசன்ஸ், ரேட்டிங், மெடிக்கல் முடியும் திகதி. அவ்வளவுதான்.

இனம், மதம், தகப்பனின் தொழில், பாடசாலை மாணவர் தலைவர், சாட்சிக்குக் கிராம சேவகரும் கோயில் தலைவரும்: அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் பழகிய கை இதையெல்லாம் போடும். எடுத்துவிடுங்கள். சாட்சியாக உங்களோடு பறந்த இருவர் வேண்டும். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லியும் வையுங்கள்.

7. அனுப்புவதும் பின்தொடர்வதும்

சிறு கம்பனியில் ஆளெடுப்பது தலைமை விமானி. பொது இமெயிலுக்குப் போனால் அது ரிக்கெட் விற்கும் பெண்ணிடம் போய் நிற்கும். தலைமை விமானியின் பெயரைக் கண்டுபிடித்து, நான்கு வரி எழுதுங்கள். அதில் ஒரு வரி அந்தக் கம்பனியைப் பற்றி இருக்கட்டும்: எந்த விமானம், எந்தத் தளம்.

பதில் வராது. அது மறுப்பு அல்ல, அவர் அன்று பறந்துகொண்டிருந்திருப்பார். ஆறு கிழமைக்கு ஒருமுறை, ஏதாவது மாறியிருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்: 10 மணித்தியாலம் கூடியது, மெடிக்கல் புதுப்பித்தது. வேறொன்றும் இல்லாமல் "என் விண்ணப்பம் என்னவாயிற்று" என்று கேட்பது எரிச்சலைத்தான் கொடுக்கும்.

காலத்தைக் கவனியுங்கள். மவுனில் கூட்டம் கூடும் காலம் ஜூன் தொடங்கி ஒக்டோபர் வரை. அதற்கு ஆளெடுப்பது வருடத் தொடக்க மாதங்களில். ஓகஸ்டில் எழுதினால் எல்லாக் கதிரையும் நிரம்பியிருக்கும்.

நேரில் போகலாமா என்று கேட்பார்கள். மவுனில் நேரில் போய்க் கதவைத் தட்டுவது பழைய வழக்கம், முகம் காட்டியவருக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் விசா விதியை வாசித்து, திரும்பும் ரிக்கெட்டோடு, இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசோடு போங்கள். வருகை விசாவில் சம்பளத்துக்குப் பறப்பது குற்றம். "முதலில் தொடங்குவோம், பெர்மிட் பிறகு வரும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

8. நேர்முகமும் செக் பறப்பும்

வீடியோ அழைப்பு என்றால் நேரத்தை இரண்டு தரம் பாருங்கள். பொட்ஸ்வானா நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். பப்புவா மூன்றரை முன்னால். மாலைதீவு அரை மணித்தியாலம் பின்னால். அந்த அரை மணித்தியாலத்தில் தவறவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். கரண்ட் போகும் என்று நினைத்தே ஃபோன் டேட்டாவையும் தயாராக வையுங்கள்.

கேள்விகள் அந்த இடத்தை ஒட்டியே வரும். மவுன் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,100 அடி, வெயிலும் கொடுமை. காற்று ஐதாகி, விமானம் கிளம்ப ஓடுபாதை நீளும். கடல் மட்டத்தில் பழகிய நமக்கு அது பாடப்புத்தகச் சங்கதி மட்டும். ஆகவே அதைத்தான் கேட்பார்கள். கேரவனின் கையேட்டு அட்டவணையை எடுத்து 35 பாகையில் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

கடல் விமானத்துக்குப் போனால் 'கண்ணாடி நீர்' கட்டாயம் வரும். காற்றே இல்லாத காலை ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். தோணி ஒன்று கோடு கிழிக்கும்வரை நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, வானமே கீழேயும் கிடக்கும். மேலிருந்து இறங்கும் விமானிக்கும் அதே கதிதான்: உயரம் மட்டுப்படாது. அதனால் கரையோரத்தை ஒரு பக்கத்தில் வைத்து, இறங்கும் நிலையை முன்பே அமைத்து, இயந்திரச் சக்தியைக் குறைக்காமல், நிமிடத்துக்கு 150 அடி போல மெதுவாக இறக்கி, மிதவை நீரைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். நீரைக் கண்ணால் தேடிப்பிடித்து இறக்குவேன் என்று பதில் சொன்னவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

செக் பறப்பில் அழகாக இறக்குவதை அவர்கள் பார்ப்பதில்லை. பிழை விட்டால் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். இறங்கி வரும்போது குழம்பினால், இறக்காமல் மேலேறித் திரும்பச் சுற்றி வாருங்கள். வெட்கப்பட்டுக் கொண்டு இழுத்துப் பிடித்து இறக்கியவருக்கு வேலை இல்லை.

9. லைசன்ஸ்: ஏற்பு, மாற்றம்

வேலை உறுதியானதும் அந்த நாட்டின் அதிகாரசபை இரண்டில் ஒன்றைச் செய்யும். உங்கள் இலங்கை லைசன்ஸைச் சில காலத்துக்கு ஏற்றுக்கொள்ளும், அல்லது சட்டப் பரீட்சையும் செக் பறப்பும் வைத்துத் தன் லைசன்ஸைத் தரும். இரண்டுக்கும் முன்னால் இலங்கைக்கு எழுதி உண்மை பார்க்கும். அந்தக் கடிதம் போன கிழமையே கட்டுநாயக்கவுக்கு நீங்கள் அழைத்து, வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். எந்த அலுவலகத்தில் நின்றது என்று தெரியாமல் இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

ஏற்பு என்பது நிழல் மாதிரி. இலங்கை லைசன்ஸ் காலாவதியானால், அல்லது இடைநிறுத்தப்பட்டால், அதுவும் அன்றே செல்லாது. வெளிநாட்டு லைசன்ஸ் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் இங்கே புதுப்பிக்க மறந்து, பறக்க முடியாமல் தங்குமிடத்தில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கை முதல் நாளே விளங்கிக்கொள்ளுங்கள். கேரவன் ஒரே விமானி ஓட்டும்படி சான்றளிக்கப்பட்ட விமானம். அரசு இரண்டு பேர் வேண்டும் என்று விதித்தால், கோ-பைலட்டாக அதில் பறந்த நேரத்தில் பாதிக்கு மேல் உயர்தர லைசன்ஸுக்குச் சேராது என்பது சர்வதேச விதியின் அடிப்படை. முழுதாகச் சேர்க்கச் சில நாடுகள் அனுமதிக்கலாம், நிபந்தனையோடு. அதாவது 1,000 மணித்தியாலம் பறந்தும் ஏ.டி.பி.எல். கணக்கில் 500 ஆகலாம். ஏ.டி.பி.எல்.லுக்கு மொத்தம் 1,500 வேண்டும், அதில் பொறுப்பு விமானி நேரமும் கேட்பார்கள். மவுனில் தனியே பறப்பவரின் நேரம் முழுசாக ஏறும். அதன் மதிப்பு பின்னால் தெரியும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

10. ஒப்பந்தம்

நான் முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இரவோடு இரவாக, ஃபோன் திரையில் வாசித்தேன். கம்பனியின் பெயர் வேண்டாம். பயிற்சிக்கான பிணை மூன்று வருடம் என்று இருந்தது. சரி என்று போட்டேன். இரண்டரை வருடத்தில் விலகப் போனபோதுதான் தெரிந்தது, பிணைப் பணம் மாதாமாதம் குறைந்து வரும் என்று அதில் எங்கேயும் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் முழுத் தொகை. அடுத்த ஆறு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆகவே பிணை பற்றி மூன்று கேள்வி: எவ்வளவு, எத்தனை மாதம், மாதத்துக்கு எவ்வளவு குறையும். அத்தோடு கம்பனியே உங்களை நிறுத்தினால் பிணை யார் பொறுப்பு என்பதும். பதில் வாயால் வந்தால் போதாது, கடதாசியில் வேண்டும்.

சம்பளத்தில் நிலையான தொகை எவ்வளவு, பறந்த நேரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மழைக்காலத்தில் விமானம் நிற்கும். அப்போது நிலையான தொகைதான் சோறு போடும். எந்த நாணயத்தில், எந்த வங்கியில் என்பதும் முக்கியம், வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே. தங்குமிடம், வைத்தியக் காப்புறுதி, லீவு ரிக்கெட், மெடிக்கலில் தவறினால் இழப்பீடு உண்டா என்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பைலட் வேலைக்குப் பணம் கட்டச் சொல்லும் ஏஜென்டிடம் போகாதீர்கள். சில கம்பனிகள் தேர்வுப் பறப்புக்கோ சிமுலேட்டருக்கோ கட்டணம் வாங்குவது உண்மை. அது நேர்முகத்துக்கு அழைத்த பிறகு, கம்பனியின் கணக்குக்கு, ரசீதோடு. இலவச இமெயில் முகவரியில் இருந்து வந்த 'நியமனக் கடிதத்துக்கு' ஐந்து இலட்சம் கட்டிய ஒரு குடும்பத்தை ஏறாவூரில் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் கம்பனியின் விமான வகையே பிழையாக இருந்தது.

11. கிளம்பும் முன்

இப்போதுதான் பொலிஸ் சான்றிதழ். அதை இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கல்விச் சான்றிதழ்களையும் பிறப்புச் சான்றிதழையும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துங்கள். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வேலை கிடைத்தவரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். பைலட்டுக்கு எதற்கு என்று தவிர்த்தவர்கள் கட்டுநாயக்க குடிவரவில் நின்று விளக்கம் சொல்ல நேர்ந்தது. பதிந்தால் காப்புறுதியும் சேர்ந்து வரும்.

முதல் சம்பளம் வர மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக் காசு கொண்டு போங்கள். லைசன்ஸ் ஏற்பு முடியும்வரை பறக்கமாட்டீர்கள், சில கம்பனிகள் அதுவரை பாதிச் சம்பளம்தான் தரும்.

லொக்புக்கின் அசல் கைப்பையில், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அல்ல. எல்லாவற்றின் ஸ்கேனும் இமெயிலில் ஒன்று, வீட்டில் ஒரு பென்டிரைவில் ஒன்று. வீட்டில் நம்பகமான ஒருவருக்கு, உங்கள் சார்பில் அதிகாரசபையில் கடதாசி கொடுக்கவும் வாங்கவும் அதிகாரக் கடிதம் ஒன்று எழுதி, கடவுச்சீட்டுப் பிரதியோடு கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்கு அக்கா இருந்தார். லைசன்ஸ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருப்பார், இரவு ரயிலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டுத்தான் எனக்கு ஃபோன் போடுவார்.